ஆர்டப்பெல்: ‘மண் ஆப்பிள்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெதர்லாந்துக்குப் புதிதாக வருகிற தமிழர்களுக்குச் சனிக்கிழமைதோறும் டச்சு சொல்லிக்கொடுக்கிறேன். காய்கறிப் பெயர்கள் பாடம் வந்தாலே வகுப்பு ‘ஆர்டப்பெல்’ என்ற சொல்லில் நின்றுவிடும். உருளைக்கிழங்குக்கான டச்சுச் சொல் அது. நம் ஊரில் அரிசி மாதிரி இந்த நாட்டில் அன்றாடம் புழங்குகிற சொல் என்பதால் அதைத் தாண்டிப் போகவும் முடியாது. வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். சொல்லின் பிறப்பும் வம்சமும்தான் முக்கியம். இலக்கணம் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

அக்கா, ஆர்டப்பெல் என்றால் நேரடி அர்த்தம் என்ன?

‘ஆர்ட்’ என்றால் மண். ‘அப்பெல்’ என்றால் ஆப்பிள். சேர்த்தால் மண் ஆப்பிள்.

மண்ணுக்கும் பூமிக்கும் டச்சில் முழுச்சொல் ‘ஆர்டெ’. இன்னொரு சொல்லோடு சேரும்போது கடைசி உயிர் உதிர்ந்து ‘ஆர்ட்’ ஆகிவிடும். இந்த முன்துண்டைப் பழகிக்கொண்டால் பல சொற்கள் தானாகத் திறக்கும். ஆர்ட்பெய் என்றால் ஸ்ட்ராபெரி, அதாவது மண்ணோடு ஒட்டிக் காய்க்கிற பெரி. ஆர்ட்பேவிங் என்றால் நிலநடுக்கம். ஆர்ட்காஸ் என்றால் நிலத்தடியிலிருந்து வருகிற எரிவாயு. தென்னாப்பிரிக்காவில் கறையானைத் தின்னும் ஒரு விலங்குக்கு அங்கே குடியேறிய டச்சுக்காரர்கள் ‘மண் பன்றி’ என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஆர்ட்வார்க்’ என்று நாம் படிக்கிறோமே, அது இதேதான்.

எழுத்தில் இருப்பது மென்மையான ‘ட’. ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி வல்லினமாக ‘ஆர்ட்டப்பெல்’ என்கிறாரே?

இரண்டுமே காதில் விழும். டச்சில் ஒரு சொல்லின் கடைசியில் வருகிற மென்மையான ‘ட’ வல்லினமாக ஒலிப்பது பொது வழக்கம். ‘ஆர்ட்’ தனித் துண்டு என்று நாக்கு நினைத்தால் வல்லினம் வரும், முழுவதையும் ஒரே சொல்லாக நினைத்தால் மென்மை வரும். டச்சிலிருந்து பிறந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் எழுத்தையே வல்லினமாக மாற்றிவிட்டார்கள். அழுத்தம் எப்போதும் முதல் துண்டில்தான். அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

இதற்கு ‘டெ’ போடணுமா, ‘ஹெட்’ போடணுமா?

‘டெ’. (ஆங்கிலத்தின் ‘தி’ மாதிரி டச்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற இரண்டு சொற்கள் இவை.) கூட்டுச்சொல்லில் கடைசித் துண்டுதான் எஜமான். அப்பெல் ‘டெ’ சொல், அதனால் ஆர்டப்பெலும் ‘டெ’ சொல். தமிழிலும் இதே வரிசைதான்: உருளைக்கிழங்கு ஒரு வகைக் கிழங்கு, கிழங்கு வகை உருளை இல்லை. கூட்டுச்சொல் படிக்கும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

எழுதும்போது நடுவில் இடம் விடலாமா? நீளமாகப் போனால் பயமாக இருக்கிறது.

விடக்கூடாது. டச்சில் கூட்டுச்சொல் ஒரே சொல்லாகத்தான் எழுதப்படும், எவ்வளவு நீண்டாலும்.

பாத்திரக் கடையில் ஒரு நாள் சின்னக் கத்தி ஒன்று கையில் கிடைத்தது. விரல் நீளத்துக்குமேல் போகாத அலகு, மரப்பிடி. அட்டையில் ‘ஆர்டப்பெல்ஸ்கில்மெஷ’ என்று ஒரே மூச்சில் அச்சடித்திருந்தார்கள். கத்தியைவிடப் பெயர் நீளம். பிரித்துப் பாருங்கள்: ஆர்ட் (மண்), அப்பெல் (ஆப்பிள்), ஸ்கில் (தோல் சீவுவது), மெஸ் (கத்தி). கடைசியில் ஒட்டியிருப்பது ‘சின்ன’ என்று காட்டும் விகுதி. உருளைக்கிழங்குத் தோல் சீவுகிற சின்னக் கத்தி, அவ்வளவுதான். மெஸ் ‘ஹெட்’ சொல், சிறுமை விகுதி சேர்ந்த சொல்லும் எப்போதும் ‘ஹெட்’தான், அதனால் இதற்கும் ‘ஹெட்’. மேலே சொன்ன எஜமான் விதிதான் இங்கேயும்.

சரி, உருளைக்கிழங்கு எங்கே, ஆப்பிள் எங்கே? ருசியிலும் இல்லை, மரத்திலும் இல்லை. எப்படிப் பொருத்தினார்கள்?

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். இன்றைய ஆப்பிளை மனதில் வைத்துக்கொண்டு ஆர்டப்பெலைப் பார்த்தால் புரியாது. பழைய ஜெர்மானிய மொழிகளில், அதாவது டச்சு, ஆங்கிலம், ஜெர்மன் அடங்கிய குடும்பத்தில், அப்பெல் என்பது ஒரே ஒரு பழத்தின் பெயர் மட்டும் இல்லை. உருண்டையான, சதைப்பற்றுள்ள எந்தக் காய், எந்தப் பழத்துக்கும் அந்தச் சொல் போதும். சில நேரம் பழமாகக்கூட இருக்க வேண்டாம், உருண்டையாக இருந்தால் சரி.

இன்றைய டச்சிலேயே அதன் தடம் நிறைய இருக்கிறது. மாதுளம்பழம் ‘க்ரனாட்டப்பெல்’. ஊசியிலை மரத்தின் செதில் செதிலான கூம்புக்காய் ‘டென்னப்பெல்’, அதை யாரும் கடித்துத் தின்ன முடியாது. ஓக் இலையில் பூச்சி முட்டையிட்டு வீங்குகிற உருண்டை ‘கல்லப்பெல்’. ஆண்களின் தொண்டையில் துருத்துகிற குரல்வளை மேடு ‘ஆடம்ஸப்பெல்’. அரசர்கள் முடிசூட்டும்போது கையில் ஏந்துகிற சிலுவை வைத்த கோளத்துக்கும் அப்பெல்தான் பெயர், ‘ரைக்ஸப்பெல்’.

எனக்கு மிகப் பிடித்தது ‘ஓகப்பெல்’. ஓக் என்றால் கண். கண்ணின் உருண்டை. அதே சொல்லைச் செல்லமான பிள்ளைக்கும் சொல்வார்கள். நாம் கண்மணி என்கிறோமே, அச்சாக அதே நினைப்பு. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் மண்ணுக்குள் கிடக்கிற உருண்டைக்கு மண் அப்பெல் என்று பெயர் வந்ததில் அதிசயமே இல்லை.

அப்பெல், ஆப்பிள் இரண்டும் ஒன்றா? ஆங்கிலத்திலிருந்து டச்சுக்குப் போனதா?

போகவில்லை. இரண்டும் ஒரு தாய் மக்கள். ஆங்கிலமும் டச்சும் ஜெர்மனும் ஒரே பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து கிளைத்தவை, அந்தத் தாயிடமே இந்தச் சொல் இருந்தது. ஜெர்மனில் ‘ஆப்ஃபல்’. நாம் பேசுகிற ‘ஆப்பிள்’ ஆங்கிலம் வழியாக வந்தது, ஆகவே அது அப்பெலுக்கு உறவுதான்.

இன்னும் மேலே ஏறினால் வம்சம் விரிகிறது. வேல்ஸ் மொழியில் ‘அவல்’, லித்துவேனிய மொழியில் ‘ஓபுவோலிஸ்’, ரஷ்ய மொழியில் ‘யாப்லகோ’. எல்லாம் ஒரே வேர். லத்தீனோ ‘மாலும்’ என்ற வேறு சொல்லைப் பிடித்துக்கொண்டது. அந்த மாலும் பிறகு நம் கதைக்குள் வரும், நினைவில் வையுங்கள். ‘ஆர்டெ’யும் அதே மாதிரிக் குடும்பச் சொல்தான், ஆங்கிலத்தின் ‘எர்த்’, ஜெர்மனின் ‘ஏர்ட’ இரண்டும் அதன் உடன்பிறப்புகள்.

உருளைக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே? அப்படியானால் இந்தப் பெயரை 1500க்குப் பிறகுதான் யாராவது வைத்திருக்க வேண்டும்?

அப்படித்தான் தோன்றும். உண்மை நேர்மாறு. சொல் கிழங்கைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் விளைந்தது, 16ஆம் நூற்றாண்டில்தான் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. ‘மண் ஆப்பிள்’ என்ற கூட்டுச்சொல் அதற்கு வெகு முன்பே ஜெர்மானிய மொழிகளில் புழங்கிக்கொண்டிருந்தது. பெயர் முதலில் பிறந்துவிட்டது. இன்று நாம் அந்தப் பெயரால் அழைக்கிற பொருள் பிறகு வந்து அதில் குடியேறியது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம்தான் உங்களுக்கு நினைவிருக்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கிழங்கு வருவதற்கு முன்னால் அந்தப் பெயரில் எதைக் கூப்பிட்டார்கள்?

பலவற்றை. பழைய ஜெர்மனில் ‘எர்டாஃபுல்’ என்று வெள்ளரி, முலாம்பழம் மாதிரி தரையில் படர்ந்து காய்ப்பவற்றைச் சொன்னார்கள். நடுக்கால டச்சில் மாண்ட்ரேக், சைக்ளமென் போன்ற செடிகளுக்கு இந்தப் பெயர் போனது. சைக்ளமெனைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குக் காரணம் உடனே புரியும், அடியில் தட்டையான உருண்டைக் கிழங்கு இருக்கும்.

பழைய ஆங்கிலத்திலும் இருந்தது, ‘எயர்த்ஆப்பெல்’ என்று. பைபிளில் எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் அலைகிற இஸ்ரவேலர் எகிப்தில் சாப்பிட்ட வெள்ளரிக்காயை நினைத்து ஏங்குவார்கள். சுமார் 1000ஆம் ஆண்டில் அந்தப் பகுதியைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தபோது வெள்ளரிக்காய்க்குப் போட்ட சொல் ‘மண் ஆப்பிள்’. ஆங்கிலம் அந்தச் சொல்லைப் பிறகு கைவிட்டுவிட்டது. டச்சு கைவிடவில்லை.

இதற்கெல்லாம் மேலே லத்தீன் இருக்கிறது. முன்பு சொன்ன மாலும் இங்கேதான் வருகிறது. ‘மாலும் டெர்ரே’, அதாவது நிலத்து ஆப்பிள். முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி அரிஸ்டோலோக்கியா என்ற மூலிகையை நம்மவர்கள் இப்படி அழைக்கிறார்கள் என்று எழுதினார். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அந்த இனத்துச் செடிகள்தான். 7ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரத்துப் பேராயர் இசிடோர் அதே பெயரை மாண்ட்ரேக்குக்குச் சொன்னார். மருத்துவச் செடிகளின் லத்தீன் பெயர்களைத் துறவிகள் தங்கள் தாய்மொழியில் பெயர்த்து எழுதிவைக்கும் பழக்கம் அப்போது இருந்தது. ஜெர்மானியக் கூட்டுச்சொல்லுக்கு அந்தப் பழக்கமும் ஒரு தாயாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பழைய பெயரைத் தூக்கிப் புதுப் பொருளுக்கு வைப்பதா? நம்பும்படி இல்லையே.

நம் அடுக்களையிலேயே இருக்கிறது. மிளகாய் என்ற சொல்லைப் பிரியுங்கள்: மிளகு, காய். மிளகு நம் மண்ணின் பழைய காரம். கடல் தாண்டி ஒரு புதிய காரம் வந்தபோது, தெரிந்த மிளகின் பெயரிலேயே ஒரு காயைச் சேர்த்துச் சொல்லிவிட்டோம். இன்று மிளகாய் என்றால் யாருக்கும் மிளகு நினைவுக்கு வருவதில்லை. மரவள்ளியும் அப்படித்தான், வள்ளிக்கிழங்கு பழையது, மரம் மாதிரி வளர்கிற புதியவனுக்கு அந்தப் பெயரையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தோம்.

ஆர்டப்பெலில் நடந்தது இன்னும் எளிது. மாற்றம்கூடத் தேவைப்படவில்லை, இருந்த சொல்லை அப்படியே கொடுத்தார்கள். புதியவன் அவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டதால் பழைய சொந்தக்காரர்கள் வேறு பெயர் தேடிப் போனார்கள்.

நியூரம்பெர்க் அருங்காட்சியகத்தில் ஒரு பூமி உருண்டைக்கு ‘எர்டாப்ஃபல்’ என்று எழுதியிருந்தது. அது என்ன, உருளைக்கிழங்கா?

அது மார்ட்டின் பெஹைம் 1492இல் செய்யத் தொடங்கிய உலகக் கோளம். இன்று மிஞ்சியிருக்கிற பூமி உருண்டைகளில் மிகப் பழையது. ஜெர்மன் பெயரில் இருப்பது அதே இரண்டு துண்டுகள்தான், ஆனால் இங்கே முதல் துண்டுக்கு மண் என்ற பொருளை விட்டுப் பூமி என்ற பொருளை எடுக்க வேண்டும். பூமியின் உருண்டை. அரசனின் கையிலிருக்கும் கோளத்தை முன்பு சொன்னேன் இல்லையா, அந்த வழக்கில் வைத்த பெயர்.

அந்தக் கோளத்தின் முன்னால் நின்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பாவுக்கு மேற்கே கடலைத் தாண்டினால் நேராக ஆசியா வரும். கொலம்பஸ் திரும்பி வந்து சொல்வதற்கு முந்தைய உலகம் அது. அமெரிக்கா அதில் இல்லை. பிறகு இதே பெயரைச் சுமக்கப் போகிற கிழங்கு விளைந்த மலை, அந்த மண் ஆப்பிளின் மேல் எங்கேயும் கிடையாது. அந்த வெற்றுக் கடலைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

லைடன் தோட்டத்தை உண்டாக்கிய க்ளூசியஸ்தான் ஆர்டப்பெல் என்று பெயர் வைத்தார் என்கிறார்கள். சரியா?

சரியில்லை, ஆனால் அவருக்கு இந்தக் கதையில் நல்ல இடம் உண்டு. தாவரவியலாளர் கரோலுஸ் க்ளூசியஸ் வியன்னாவில் இருந்தபோது 1588 ஜனவரியில் மோன்ஸ் நகர ஆளுநர் ஃபிலிப் டி சிவ்ரி அவருக்கு இந்தக் கிழங்கை அனுப்பிவைத்தார். அந்தச் செடியின் நீர்வண்ணப் படம் ஆண்ட்வெர்ப்பின் பிளான்டின்-மொரேட்டுஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது: இலை, பூ, கீழே இரண்டு கிழங்கு. படத்தின் மேல் எழுதியிருக்கும் பெயர்களில் ஆர்டப்பெல் இல்லை. ‘தரதூஃப்ளி’ என்றும் ‘பாபாஸ்’ என்றும்தான் இருக்கிறது. 1593இல் அவர் லைடனுக்கு வந்து பல்கலைக்கழகத் தோட்டத்தை அமைத்தார், 1601இல் வெளியான தன் நூலில் இந்தச் செடியை விரிவாக விவரித்தார்.

பாபா என்பது ஆண்டிஸ் மலை மக்களின் கெச்சுவா மொழிச் சொல். அறிஞர்கள் அதைத்தான் எழுதினார்கள். ஆர்டப்பெல் என்ற பெயரை எந்த அறிஞரும் கொடுக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் கிழங்கு தோட்டத்து அதிசயம் என்ற நிலையைவிட்டு வயலுக்கும் ஏழைகளின் சட்டிக்கும் வந்தது. அதைத் தோண்டியவர்களும் அவித்தவர்களும் வாயில் ஏற்கெனவே இருந்த சொல்லால் கூப்பிட்டார்கள்.

பிரெஞ்சில் ‘பொம் டி தேர்’ என்றாலும் மண் ஆப்பிள்தானே? டச்சுக்காரர்கள் அதைக் காப்பி அடித்திருக்க மாட்டார்களா?

வருஷங்களை வைத்துப் பார்த்தால் அதற்கு வழியில்லை. டச்சிலும் அதன் உறவு மொழிகளிலும் இந்தக் கூட்டுச்சொல் எவ்வளவு பழையது என்று மேலே பார்த்தோம். பிரெஞ்சில் 17ஆம் நூற்றாண்டில் பொம் டி தேர் என்றால் பெரும்பாலும் வேறொரு கிழங்கு, வட அமெரிக்காவிலிருந்து வந்த டோபினம்பூர். சூரியகாந்தியின் உறவுச்செடி அது. டச்சிலும் இந்த இரண்டு கிழங்குகளுக்கும் கொஞ்ச காலம் பெயர்க் குழப்பம் இருந்தது. கடைசியில் ஒன்று ஆர்டப்பெல் ஆனது. டோபினம்பூர் ‘ஆர்ட்பேர்’ ஆனது, அதாவது மண் பேரிக்காய்.

இரண்டு மொழிகளுக்கும் தலைக்குமேல் அதே ‘மாலும் டெர்ரே’ இருந்ததை மறக்காதீர்கள். ஒரு கூரையின் கீழ் இருந்த இருவர் ஒரே மாதிரி பேசினால் யார் யாரைப் பார்த்துப் பேசினார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

வேறு யாரெல்லாம் மண் ஆப்பிள் என்கிறார்கள்?

ஆஸ்திரியாவிலும் தென்ஜெர்மனியின் பல ஊர்களிலும் எர்டாப்ஃபல். ஐஸ்லாந்தில் ‘யார்டெப்லி’. பாரசீகத்தில் ‘சீப் ஸமீனி’. சீப் ஆப்பிள், ஸமீன் நிலம், உருது தெரிந்தவர்களுக்கு ஸமீன் உடனே பிடிபடும். ஹீப்ருவில் ‘தப்புவாஹ் அதமா’. ஆர்மீனிய மொழியிலும் இதே அமைப்புதான்.

ஆப்பிளுக்குப் பதில் பேரிக்காயைப் பிடித்தவர்களும் உண்டு. லக்ஸம்பர்கில் ‘க்ரோம்பர்’, அதற்குள்ளே இருப்பது நிலப் பேரிக்காய். அதே குடும்பத்து ஜெர்மன் சொல் கிழக்கே போய்க் குரோவேஷியாவில் ‘க்ரும்பிர்’ ஆனது. நம் மொழிகள் இந்த வரிசையில் இல்லை. தமிழ் வடிவத்தைப் பார்த்து உருளை என்றது, தெலுங்கு வந்த திசையைப் பார்த்து ‘பங்காளாதும்ப’ என்றது, மராத்தி போர்ச்சுகீசியரிடமிருந்து ‘படாட்டா’வை வாங்கிக்கொண்டது.

ஜெர்மன்காரர்கள் பக்கத்து வீடு. அவர்கள் மட்டும் ஏன் ‘கார்டோஃபல்’?

க்ளூசியஸின் படத்தில் இருந்த ‘தரதூஃப்ளி’யை மறுபடி பாருங்கள். இத்தாலியர்கள் இந்தக் கிழங்கை மண்ணுக்குள் விளைகிற ட்ரஃபிள் காளானோடு ஒப்பிட்டு வைத்த பெயர் அது. ஜெர்மனுக்குப் போய் ‘டார்டஃபல்’ ஆனது, இரண்டு டகரம் அடுத்தடுத்து வந்ததால் முதலாவது ககரமாக மாறியது.

பெல்ஜியத்தில் ‘பட்டாட்’ கேட்டேன், அவித்த உருளைக்கிழங்கு வந்தது. ஆம்ஸ்டர்டாமில் கேட்டேன், பொரித்த குச்சி வந்தது. எது சரி?

இரண்டு ஊரும் சரி. பிளெமிஷ் பேச்சில், அதாவது பெல்ஜியத்து டச்சில், பட்டாட் என்றால் கிழங்கு. ஆம்ஸ்டர்டாம் பக்கம் அது பொரித்த உருளைக்கிழங்குக் குச்சி, ‘பட்டாட் ஃப்ரீட்’ என்பதன் சுருக்கம். தெற்கே வந்தால் குச்சியை ‘ஃப்ரீட்’ என்பார்கள். சொல்லின் மூலம் ஸ்பானிய ‘பட்டாட்டா’. கரீபியத் தீவுகளில் சர்க்கரைவள்ளிக்கு மென்மையான ‘ப’வோடு சொன்ன ‘பட்டாட்டா’வும் மலையில் சொன்ன ‘பாபா’வும் ஸ்பானியர் வாயில் கலந்து பிறந்தது.

‘சினாஸப்பெல்’ என்று ஆரஞ்சுக்குச் சொல்கிறார்கள். அதிலும் அப்பெல் இருக்கிறதே, அது எந்த மண்?

அது சீனா. சீனத்து ஆப்பிள். துண்டுகளைத் திருப்பிப் போட்டு ‘அப்பெல்சீன்’ என்றும் பிளெமிஷ் பக்கம் சொல்வார்கள். ‘உருண்டைப் பழம் எல்லாம் அப்பெல்’ என்ற பழைய பழக்கம் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி. இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவுக்கு வந்தபோதும் அது வேலை செய்திருக்கிறது. நிறத்துக்குச் சொல்கிற ‘ஒரான்யெ’ வேறு வழி வந்தது, சமஸ்கிருத ‘நாரங்க’ வழியாக. அந்த நாரங்கவின் வேர் திராவிடம் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். நம் நாரத்தை அதற்கு நெருங்கிய சொந்தம்.

டச்சில் ‘ஆர்ட்’ என்றால் குணம் என்றும் அகராதியில் இருக்கிறது. அப்போது ‘குணமுள்ள ஆப்பிள்’ என்றும் பிரிக்கலாமா?

பிரிக்கக்கூடாது. ஒலி ஒன்று, சொல் வேறு. ‘ஆர்டிக்’ என்றால் நல்ல சுபாவமுள்ளவர் என்பது குணத்தைக் குறிக்கிற ஆர்டிலிருந்து வந்தது. ஆர்டப்பெலின் ஆர்ட் மண்ணைக் குறிக்கிற ஆர்டெயின் குறுக்கம் என்பதை முதல் பதிலிலேயே பார்த்தோம். உறவு மொழிகள் எல்லாவற்றிலும் முதல் துண்டு மண்ணாகவே இருப்பது அதை உறுதியாக்குகிறது. கூட்டுச்சொல்லை இஷ்டம்போலப் பிரிக்காமல் இருக்க அண்ணன் தம்பி மொழிகளைக் கேட்பதுதான் வழி.

நான் கொழும்பில வளர்ந்தனான். சிங்களத்தில ‘அர்தாபல்’ எண்டுதான் சொல்லுவினம். இது டச்சுச் சொல்லோ?

ஆமாம், இதே சொல்தான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இலங்கைக் கரையோரத்தை 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1796 வரை ஆண்டது. யாழ்ப்பாணக் கோட்டை 1658இல் அவர்கள் கைக்கு வந்தது. அந்தக் காலத்துச் சொத்தாக ஆர்டப்பெல் சிங்களத்தில் நின்றுவிட்டது. இரண்டாவது பதிலில் சொன்ன வல்லினத்தைக் கவனித்தீர்களா? சிங்களத்தில் ‘த’ வல்லினமாகத்தான் இருக்கிறது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் வாயில் அது எப்படி ஒலித்தது என்பதற்குக் கொழும்புச் சந்தை இன்றும் சாட்சி சொல்கிறது.

ஜப்பானிலும் டச்சுத் தடம் உண்டு, ஆனால் வேறு விதமாக. அங்கே கிழங்கு ‘ஜாகாய்மோ’. ஜகத்தாரா, அதாவது ஜகார்த்தாவிலிருந்து வந்த கிழங்கு என்பதன் சுருக்கம். டச்சுக் கப்பல்களோடு அது போனதாகச் சொல்வார்கள்.

எங்கட தமிழில டச்சுக் கூட்டுச்சொல் ஏதாவது இருக்கோ?

இருக்கிறது, தினமும் சொல்கிறோம்: கக்கூஸ். டச்சில் கக் என்றால் மலம், ஹௌஸ் என்றால் வீடு. மருத்துவமனைக்கு ‘ஸீகன்ஹௌஸ்’ என்று படித்தோமே, நோயாளிகளின் வீடு, அதே ஹௌஸ். தனிச்சொற்களும் உண்டு. ஈழத் தமிழில் அலுவலகத்துக்குக் கந்தோர், மேசை இழுப்பறைக்கு லாச்சி. தமிழ்நாட்டில் காசைத் துட்டு என்கிறோம், ‘டௌட்’ என்ற டச்சுச் செப்புக்காசு அது.

இந்தச் சொல்லிலிருந்து பிறந்த வேறு சொற்கள், பழமொழிகள்?

ஒரு நாட்டின் கஷ்டகாலமே இந்தச் சொல்லின் பிள்ளைகளில் இருக்கிறது. ‘ஆர்டப்பெல்ஸீக்ட’ என்றால் கிழங்கு நோய். 1845இல் அது பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வயல்களை அழுகவைத்து அப்படியே அயர்லாந்துக்குப் போனது. ‘ஆர்டப்பெலொப்ருர்’ என்றால் உருளைக்கிழங்குக் கலவரம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமின் ஏழைப் பெண்கள் கிழங்கு கிடைக்காமல் தெருவில் இறங்கினார்கள், ராணுவம் சுட்டது, உயிர்கள் போயின. ‘ஆர்டப்பெலேட்டர்ஸ்’, கிழங்கு தின்பவர்கள், வின்சென்ட் வான் கோ 1885இல் நூனன் கிராமத்தில் தீட்டிய ஓவியம். அந்த முகங்களின் நிறம் தோல் சீவாத, மண் படிந்த கிழங்கின் நிறம் என்று தம்பிக்கு எழுதினார். தட்டுக்குள் நீளும் அதே கைகள்தான் மண்ணைத் தோண்டின என்றும் எழுதினார். ‘ஆர்ட்’ இந்தச் சொல்லில் எதற்கு இருக்கிறது என்று என்னால் அதைவிட நன்றாக விளக்க முடியாது.

பழமொழி ஒன்று: மிக முட்டாளான விவசாயிக்குத்தான் மிகப் பெரிய ஆர்டப்பெல் விளையும். அதிர்ஷ்டம் அறிவைப் பார்ப்பதில்லை என்று அர்த்தம். இன்னொன்று, ஒருவர் மேட்டுக்குடி பாணியில் வாய்க்குள் உருட்டிப் பேசினால் தொண்டையில் சூடான ஆர்டப்பெல் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பார்கள்.

வம்சம் எல்லாம் சரி அக்கா. பையில் ‘க்ரௌமிக்’, ‘ஃபாஸ்ட்கோகண்ட்’ என்று போட்டிருக்கிறது. மசாலா தோசைக்கு எதை வாங்குவது?

க்ரௌமிக். க்ரௌமல் என்றால் துணுக்கு, தூள். வெந்ததும் மாவாக உதிரும், மசிப்பதற்கு அதுதான் வேண்டும். ஃபாஸ்ட்கோகண்ட் இன்னொரு கூட்டுச்சொல்: ஃபாஸ்ட் கெட்டி, கோகண்ட் வேகிறது. வெந்தாலும் வடிவம் குலையாது, பொரியலுக்கும் குருமாவுக்கும் அதை எடுங்கள். பையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.